எலுமிச்சம்பழம் வைத்த ஏவுகணை லாரி

கப்பலை அடிக்கிற ஏவுகணையை இப்போது லாரியில் ஏற்றிவிட்டார்கள் என்று கல்லூரி நூலகத்தில் ஓர் அயல்நாட்டுப் பத்திரிகையில் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் கடலோரப் பாறையைக் குடைந்து, உள்ளே தண்டவாளம் போட்டு வைத்தார்களாம். பாறை நகருமா? எதிரி வரைபடத்தில் குறித்துக்கொண்டால் தீர்ந்தது. அப்புறம் வண்டியில் வைத்து இழுத்தார்கள். இப்போது லாரியே ஏவுகிறது. பனங்காட்டுக்குள் நின்று அடிக்கும். அடித்த கையோடு வேறு இடத்துக்குப் போய்விடும். எங்கே நிற்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியக் கூடாது, அவ்வளவுதான் சங்கதி. இந்தச் சின்ன விஷயம் தென்காசியில் ஒரு மண்டையிலும் ஏறவில்லை.

நடப்பது அறுபத்தெட்டாம் வருஷம். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு டைப்ரைட்டிங் வகுப்பில் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். குற்றாலம் சீசன் பொருட்காட்சியைத் திறந்துவைக்க மதராஸிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார், ராணுவத் தளவாட ஆராய்ச்சிக்கூடத்தில் பெரிய ஆள், பயிற்சிக்கு இளைஞர்களை அவரேதான் தேர்ந்தெடுக்கிறார் என்று என் பேராசிரியர் சொன்னார். அவர் கண்ணில் பட்டுவிட வேண்டும். பட்டால் மதராஸ், படாவிட்டால் டைப்ரைட்டர்.

திட்டம் தயார். மணல் மேடுகள், பனையோலையை நறுக்கி மரங்கள், தகரத் தொட்டியில் கடல், அதில் ஒரு தகரக் கப்பல். மேட்டுக்குப் பின்னால் முழ நீள லாரி. அதிலிருந்து ஒரு தீபாவளி வாணம் மெல்லிய கம்பி வழியாகச் சீறிப்போய்க் கப்பலை அடிக்கும். உடனே நான் கயிற்றை இழுப்பேன். லாரி அடுத்த மேட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். பிறகு அதிகாரியைக் கேட்பேன்: "எங்கிருந்து வந்தது, சொல்லுங்கள் சார்." அவர் முழித்தால் எனக்கு வேலை.

பொருட்காட்சிக் கமிட்டித் தலைவர் ஒரு மரக்கடை அண்ணாச்சி. செங்கோட்டை வழியாக மலையாளத்து மரத்தடி ஏற்றிவரும் லாரிகளும், அவற்றுக்குக் கூண்டு கட்டும் பட்டறையும் அவருடையவை. கடலைப் பற்றி அவருக்குத் தெரிந்தது நெத்திலிக் கருவாடு மட்டும்.

"கடலு தூத்துக்குடில கெடக்கு. இங்கன இருந்து யாரைத் தம்பி சுடுதீரு?"

"மாதிரிதான் அண்ணாச்சி."

"சரி. லாரின்னா நம்ம பட்டறையிலதான் செய்யணும். வேற எவன் செஞ்சாலும் தீப்பெட்டி மாதிரில்லா இருக்கும்!"

நான் கேட்டது மங்கலான பச்சையில் ஒரே ஒரு பூச்சு. திறப்பு விழா அன்று காலையில் லாரி வந்து இறங்கியது. மஞ்சள் முகப்பு, அதில் தாமரை. இரண்டு பக்கமும் மயில். பின்னால் நாக்கைத் தொங்கப்போட்ட திருஷ்டி மூஞ்சி. நெடுக, சிவப்பில், அண்ணாச்சியின் கடைப் பெயரும் தெருப் பெயரும். ஏவுகணைக்கு மூன்று கோடு திருநீறு.

"என்ன அண்ணாச்சி இது? மறைஞ்சு நிக்க வேண்டிய வண்டில்லா!"

"மறையுததுக்கு எதுக்குவே லாரி? சைக்கிள் போதாதா?"

கமிட்டி மொத்தமும் சிரித்தது. இந்த மூளைகளை நம்பித்தான் அருவிக்கரையில் விஞ்ஞானம் வளர்க்கிறார்கள். நான் சாரலில் நனைந்த சேற்றை அள்ளி மயில்மேல் அப்பினேன். அண்ணாச்சி தன் துண்டாலேயே துடைத்துவிட்டார். "பூசை போடப்போற வண்டில சேத்தை அப்புதீரே!"

பூசையா? ஆமாம். அவர் பட்டறையில் எந்தப் புது வண்டியும் பூசை போடாமல் உருண்டதில்லையாம். அதிகாரியின் கார் வந்து நின்ற நேரத்தில் என் ரகசிய மேட்டுக்குப் பின்னால் மணி அடித்தார்கள், சூடம் கொளுத்தினார்கள். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த கூட்டம் முழுக்க அங்கே மொய்த்தது. அதிகாரியையும் நேராக அங்கேயே கூட்டிவந்து, லாரிக்குப் போட்டது போக மிச்சமிருந்த மாலையை அவருக்குப் போட்டார்கள். நான் திரியைத் தொடுவதற்குள் எதிரிக்கு இடம் காட்டியாகிவிட்டது.

திரியைப் பற்றவைத்தேன். வாணம் ஒழுங்காகப் போய்க் கப்பலைக் கவிழ்த்தது. கயிற்றை இழுத்தேன். லாரி நகரவில்லை. நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம். நிஜ லாரியானால் நசுக்கிக்கொண்டு போகும். இது முழ நீளம். இன்னும் வேகமாக இழுத்தேன். முன்சக்கரம் பழத்தில் ஏறி, மாலையோடு லாரி பக்கவாட்டில் சாய்ந்து நின்றது.

"ஏத்துலே! பழத்து மேல ஏத்து!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

பழகி வைத்திருந்த கேள்வி தானாக வெளியே வந்தது. "எங்கிருந்து வந்தது, சொல்லுங்கள் சார்."

அதிகாரி குனிந்து லாரியின் பக்கவாட்டைப் படித்தார். "விலாசமே எழுதியிருக்கே, தம்பி."

அடுத்ததாக மங்குஸ்தான் பழக் கடைக்குப் போனார். அங்கே ரொம்ப நேரம் நின்றார்.

"பாத்தீரா, ஆபீசரு நம்ம கடைப் பேரை வாய்விட்டுப் படிச்சிட்டாரு!" என்று அண்ணாச்சி பூரித்தார். பெயிண்டைச் சுரண்டிவிட்டு மதராஸுக்கே கொண்டுபோய்க் காட்டுகிறேன், லாரியைத் தாருங்கள் என்று கேட்டேன். "பூசை போட்ட வண்டியைச் சுரண்டுததா? நல்லா இருக்குவே!" இப்போது அது மரக்கடை மேஜையில் நிற்கிறது. ஏவுகணைக் குழாயில் ஊதுவத்தி செருகியிருக்கிறார்கள்.

நான் பலாக்கட்டையில் இன்னொன்று செதுக்கிக்கொண்டிருக்கிறேன். மங்கலான பச்சை பெயிண்டும் வாங்கியாகிவிட்டது. எந்த இடத்தில் வைத்துச் செய்கிறேன் என்று மட்டும் இந்த ஊரில் ஒருத்தரிடமும் சொல்வதாக இல்லை.