வாத்தியார் வீட்டு மல்லிகை மாட்சா

டவுன் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் மடியில் முருங்கைக்கீரைக் கட்டு இருந்தது. அதைப் பார்த்து ஞாபகம் வந்ததோ என்னவோ, மற்றவர் சொன்னார்: "நம்ம வாத்தியார் வீட்டுப் பொண்ணு கீரையை அரைச்சு பால்ல கலந்து விக்கிதாம். பாவம், எம்.எஸ்சி. படிச்ச பொண்ணு."

அந்தப் பொண்ணு நான்தான். எட்டிப் பார்த்து, அது கீரை இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடந்துவிட்டேன்.

வீட்டிலிருந்து ஒரு பானத்தை விற்பவள் பாலைவிட விளக்கத்தைத்தான் அதிகம் ஊற்றவேண்டியிருக்கிறது. வீட்டிலேயே கேக் போட்டு விற்பவர்களுக்கும் தொக்கு கிளறி விற்பவர்களுக்கும் இது தெரியாததில்லை. ஆனால் அவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கேக் என்றால் என்ன என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. நான் விற்பது மாட்சா லாட்டே. ஜப்பான் பச்சைத் தேயிலையைத் திருநீறு போல நைஸாக அரைத்து டப்பாவில் விற்கிறார்கள். அதை வெந்நீரில் கட்டி இல்லாமல் அடித்துப் பாலில் ஊற்றவேண்டும். அந்தப் பாலுக்கு நான் பூவின் மணத்தை ஏற்றுகிறேன். அவ்வளவுதான் விஷயம்.

அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். நானும் பி.எட். முடித்து ஆசிரியை ஆகவேண்டும் என்பது அவர் திட்டம். வகுப்பில் எழுந்து வருகைப்பதிவுக்குக் குரல் கொடுக்கவே கூசிய நான் ஒரு வகுப்பை எப்படிச் சமாளிப்பேன் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. கெஞ்சியதில் ஒரு தவணை கிடைத்தது. திருவையாறு பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. அதில் குறுவை அறுவடை ஆகிறவரை சமையலறை எனக்கு. அதற்குள் ஊரில் நாலு பேர் தேடிவந்து கேட்கவேண்டும். இல்லையென்றால் பேசாமல் பி.எட். சேர்ந்துவிடவேண்டும். நாற்று நட்டுவிட்டு வந்த அன்று சாயங்காலம் அப்பா இதைச் சொன்னார். அன்றிலிருந்து, பயிர் கொஞ்சம் மெதுவாக வளரட்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே டெல்டாப் பெண் நானாகத்தான் இருப்பேன்.

எதுவும் வேண்டாம்

கடை என்று ஒன்றும் கிடையாது. போனில் ஸ்டேட்டஸ் வைப்பேன், கேட்பவர்களுக்கு வாசல் கேட்டில் கொடுப்பேன். யாருடனும் அதிகம் பேசவேண்டாம் என்றுதான் இந்த ஏற்பாடு. முதலில் வந்தவர் பின் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஓவர்சியர் மாமா. அவருக்குப் போனில் பேசிப் பழக்கம் இல்லை. நேரே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

பச்சையாக இருப்பதால் சர்க்கரைக்கு நல்லது என்று அவராகவே முடிவு செய்திருந்தார். இது மருந்து இல்லை மாமா என்றேன். காதில் வாங்கவில்லை. சீனி வேண்டாம் என்றார், சரி. பால் கபம் கட்டும், வேண்டாம் என்றார். அதற்கும் சரி. பூ வாசனை தலைவலி கொடுக்கும் என்றார். கடைசியில் தூளையும் ஒரு சிட்டிகை போதும், சிட்டிகைகூட வேண்டாம், பழக்கமில்லாத வஸ்து என்றார். அப்படியென்றால் வெந்நீர் மட்டும்தான் மிஞ்சும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். மாமா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதைத்தானேம்மா நான் வீட்லயே குடிக்கிறேன்."

அத்தையின் தலை

சீர்காழியிலிருந்து அத்தை வந்திருந்தார். அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜை அப்பாவைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். நான் வெளியே போய்விட்டுத் திரும்பியபோது அத்தை கொல்லையில் நாற்காலி போட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்கப் பச்சையாக அப்பியிருந்தது. பக்கத்தில் என் மாட்சா டப்பா, வழித்துத் துடைத்த மாதிரி காலியாகக் கிடந்தது.

மருதாணித் தூள் என்று நினைத்துவிட்டாராம். நல்லா பிடிக்கட்டும் என்று எலுமிச்சம்பழம் பிழிந்து, டீ டிகாஷன் விட்டுக் குழைத்திருக்கிறார். தேயிலையைத் தேயிலையிலேயே குழைத்துத் தலையில் தேய்த்துக்கொண்டவர் உலகத்தில் வேறு யாராவது உண்டா தெரியாது. ஒரு மாதத்துக்கு என்று நான் எண்ணி எண்ணிக் கிள்ளிப்போட்ட தூள் அது. பெரியவரை என்ன சொல்வது? காலி டப்பாவை எடுத்து மூடிவைத்தேன். அத்தை தலை அலசிவிட்டு வந்து, கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எந்தக் கடையில வாங்குற நீ? ஒரு முடிகூட சிவக்கல. அடுத்த தடவை என்னைக் கேட்டுட்டு வாங்கு."

செம்பருத்தி

மணத்தோடு நிறமும் இருந்தால் படம் நன்றாக விழும் என்று என் கல்லூரித் தோழி யோசனை சொன்னாள். கீழே சிவப்பு, நடுவில் வெள்ளை, மேலே பச்சை. செம்பருத்தியைக் காய்ச்சி, கொஞ்சம் எலுமிச்சை விட்டுச் சிவப்பாக்கிக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினேன். அதன் மேல் பால், பாலின் மேல் மாட்சா. நான் படித்தது வேதியியல். புளிப்பில் பால் என்ன ஆகும் என்று பரீட்சையில் கேட்டிருந்தால் படம் போட்டு விளக்கியிருப்பேன். கேள்வித்தாளில் வராததால் தோன்றவில்லை.

தோழி வருவதற்குள் டம்ளருக்குள் மூன்று நிறமும் போய், திரிதிரியாக ஒரு சமாச்சாரம் மிதந்தது. அவள் டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். நட்புக்காக ஒரு வாய் குடித்தும் பார்த்தாள்.

"லாட்டேவா பனீரான்னு மட்டும் சொல்லிடுடீ. பனீர்னா நான் பட்டாணி எடுத்துட்டு வரேன்."

பூக்காரத் தெரு

சரி, நிறம் வேண்டாம், மணம் மட்டும் போதும் என்று பூக்காரத் தெருவுக்குப் போனேன். தஞ்சாவூரில் பூவுக்கா பஞ்சம்? கதம்பமும் மரிக்கொழுந்துமாகத் தெருவே மணக்கிறது. மல்லிகைக் குவியல் வைத்திருந்த அக்காவிடம், மருந்து அடிக்காத பூ இருக்கிறதா என்று கேட்டேன். மருந்தடிக்காவிட்டால் புழு தின்றது போக மிச்சம்தான் சந்தைக்கு வரும் என்றார். எதற்குக் கேட்கிறேன் என்று விசாரித்தார். குடிக்க என்று சொன்னேன். பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டு, என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

வெட்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கை பூவை அள்ளி முகர்ந்துவிட்டேன். தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. சாமிக்குப் போகிற பூவை யாராவது மூக்கில் வைப்பார்களா? முகர்ந்த பூ எச்சில் பட்ட மாதிரி. அதைச் சாமிக்குப் போடமாட்டார்கள். ஐந்து வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். அந்த அக்கா திட்டவில்லை. என் கையிலிருந்த பூவை மட்டுமல்லாமல் அது கிடந்த குவியலையே எடை போட்டுப் பையில் கொட்டினார்.

"மோந்ததைக் கீழ வைக்காத கண்ணு, எல்லாத்தையும் நீயே எடுத்துட்டுப் போயி குடி."

பன்னீர்

சந்தைப் பூவைப் பாலில் போட பயமாக இருந்தது. கடைப் பன்னீரை விட்டு ரோஜா மாட்சா செய்தேன். எதிர் வீட்டு ரேவதி அக்காவுக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். அவர் எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் சொல்லிவிடுவார். அதனாலேயே அவரிடம் கொடுக்க நடுங்குவேன். குடித்துவிட்டு, கண்ணை மூடி யோசித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கல்யாண மண்டபத்து வாசல்ல வாயைத் திறந்துக்கிட்டு நின்ன மாதிரி இருக்குடி."

கூடை

இத்தனைக்கும் எங்கள் கொல்லையிலேயே குண்டுமல்லிகைப் புதர் இருக்கிறது. மருந்து என்பதை அது பார்த்ததே இல்லை. அது அம்மாவுடையது. தினமும் விளக்கேற்றுவதற்கு முன் அம்மா மொட்டுகளைப் பறித்துத் தொடுத்துச் சாமி படங்களுக்குப் போடுவாள். வியாழக்கிழமைப் பூ இன்னும் விசேஷம். அன்று சாயங்காலமே தொடுத்து வாழை இலையில் சுற்றிவைத்து, வெள்ளிக்கிழமை காலை அம்மன் கோயிலுக்கு எடுத்துப் போவாள். எனக்குத் தெரிந்து ஒரு வெள்ளிகூடத் தவறியதில்லை. சாமிக்குப் போக மிச்சத்தை எடுத்துக்கொள் என்பாள். சாமிக்குப் போக மிச்சம் என்று எதுவும் எப்போதும் இருந்ததில்லை.

ஒருநாள் கூடை சமையல் மேடையில் இருந்தது. மொட்டு விரிய ஆரம்பித்துவிட்டதா, மணம் எப்படி என்று பார்க்கக் குனிந்தேன். குனிந்தது ஒரு நொடி. அந்த நொடியில் அம்மா உள்ளே வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய் முனைக் கடையில் பூ வாங்கிவந்தாள். எங்கள் வீட்டுச் சாமி கடைப் பூ போட்டுக்கொண்டது அன்றுதான். அப்பா படத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பேப்பரை விரித்துக்கொண்டார். கூடை மேடையிலேயே கிடந்தது. இதை என்ன செய்வது என்று கேட்டேன்.

"சாமிக்கு ஆகாதுன்னு ஆக்கிட்டல்ல, இனிமே எனக்கெதுக்கு?"

ஒரு நல்ல டம்ளர்

வீணாக்க மனமில்லை. ஆறவைத்த பால் பாத்திரத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டி, அதன்மேல் அந்தப் பூவைப் பரப்பி, தட்டு மூடி ஃபிரிட்ஜில் வைத்தேன். பூ பாலைத் தொடவில்லை. மணம் மட்டும் இறங்கட்டும் என்று விட்டேன். மறுநாள் காலையில் அந்தப் பாலில் மாட்சாவை ஊற்றிக் குடித்தபோது, இத்தனை நாள் நான் செய்ததெல்லாம் என்ன என்று எனக்கே கோபம் வந்தது.

ரேவதி அக்காவுக்குக் கொண்டுபோனேன். டம்ளரைக் கீழே வைக்காமல் குடித்தார். வரும் வெள்ளிக்கிழமை காலையில் அவர் தங்கைக்கு வளைகாப்பு. வருகிறவர்களுக்கு இதைத்தான் கொடுக்கப்போகிறேன் என்றார். பிள்ளைத்தாய்ச்சிக்குத் தேயிலை வேண்டாம், மல்லிகைப் பால் மட்டும் தருகிறேன் என்றேன். அதுவும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. தெருவே வரும் விசேஷம். அப்பா கேட்ட நாலு பேர் அங்கே நாற்பது பேராக இருப்பார்கள். வெள்ளிக்கிழமை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. முதல் நாள் சாயங்காலப் பூ வேண்டும். வியாழக்கிழமைப் பூ.

வயலுக்குப் போய்விட்டு வந்த அப்பா, கதிர் முற்றிவிட்டது, திங்கட்கிழமை அறுப்பு மிஷின் வருகிறது என்றார். நான் அம்மாவிடம் பாதிப் பூவாவது கேட்டேன். அம்மா அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"அம்மன்கிட்டயே பங்கு கேக்குறியா?"

மாவு மில்

வியாழக்கிழமை மதியம் ரேவதி அக்கா, எல்லாம் தயாரா என்று கேட்க வந்தார். பன்னீரையே ஊற்றிவிடலாமா என்று மெதுவாக இழுத்தேன். மண்டப வாசல் வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த வாரம் இந்நேரம் நான் பி.எட். கல்லூரியில் வருகைப்பதிவுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்தேன்.

கிளம்பும்போது, காலையில் மாவு மில்லில் நடந்ததைச் சொன்னார். அம்மாவும் அவரும் வரிசையில் நின்றிருக்கிறார்கள். முன்னால் நின்ற ஒரு பெண், உங்க பொண்ணு கீரைத் தண்ணி விக்குதாமே, வாத்தியாரால அதுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுக்க முடியலையா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அந்த மாட்சாவை ஒரு சொட்டுகூட வாயில் விட்டுப் பார்க்காதவள் அம்மா. ரேவதி அக்கா அம்மாவைப் போலவே முந்தானையை இழுத்துச் செருகி நடித்துக் காட்டினார்.

"கீரை இல்லீங்க, மல்லிகைப்பூ. எங்க கொல்லையில பூத்த பூ."

வியாழக்கிழமைப் பூ

சாயங்காலம் பாலைக் காய்ச்சி ஆறவைத்தேன். பாத்திரத்தின் வாயில் துணியைக் கட்டினேன். அதன்மேல் பரப்ப எதுவும் இல்லாததால் துணியையே பார்த்துக்கொண்டு நின்றேன். சீர்காழியிலிருந்து அத்தை போன் செய்து, நல்ல மருதாணித் தூள் கிடைத்திருக்கிறது, உனக்கும் ஒரு பாக்கெட் வாங்கட்டுமா என்று கேட்டார். வாங்குங்க அத்தை என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அம்மா கொல்லையிலிருந்து வந்தாள். கூடை நிறைய மல்லிகை, நுனி விரிந்தும் விரியாமலும். வாழை நாரையும் எடுத்துக்கொண்டு வழக்கம்போல் சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். ஒரு கைப்பிடி பூவை முதலில் அள்ளி வாழை இலையில் தனியாக வைத்தாள். அதை மட்டும் தொடுத்து முடிச்சுப் போட்டு, இலையைச் சுருட்டிக் கட்டினாள். பிறகு எழுந்தாள். கூடையை இரண்டு கையாலும் முகத்துக்குத் தூக்கி, மூச்சை நன்றாக இழுத்து முகர்ந்தாள். அப்படியே கொண்டுவந்து என் பால் பாத்திரத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு, விளக்கேற்றப் போனாள்.