பனியில் எழுந்திருக்காத புல் மெஷின்

1. காய்ச்சல் பிள்ளை

எண்பதுகளின் கடைசியில் பம்மலில் ஒரு சின்ன இஞ்சின் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தேன். தோல் பதனிடும் ஷெட்டுகளின் பம்ப் இஞ்சின்கள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. புல் வெட்டும் மெஷின் எப்போதாவது வரும். ஆனால் அந்த மார்கழியில் ஒரே மெஷின் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

கொண்டுவந்தவர் கன்னியம்மா அக்கா. தாம்பரத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் தோட்ட வேலை, தற்காலிகம்தான். ஆயுதபூஜைக்குச் சற்று முன்புதான் மெஷினை அவர் பொறுப்பில் விட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் புல் வெட்டிய காண்ட்ராக்ட் ஆள் மறுபடி உள்ளே நுழைய வழி பார்த்துக்கொண்டிருந்தான். ஹாஸ்டல் மேனேஜரோ, பொம்பளை கைக்கு ஸ்டார்ட்டர் கயிறு மசியாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாராம்.

அன்று வெள்ளிக்கிழமை. மீன்பாடி வண்டியிலிருந்து மெஷினை இறக்கிவைத்துவிட்டு அக்கா சொன்னார்.

"நாளைக்குக் காலைல இது ஓடலன்னா நான் வூட்டோட கெடக்க வேண்டியதுதான் தம்பி. அந்தாளு கேட்டாண்டயே நின்னுகினு கீறான்."

நான் ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். மெஷின் உடனே பிடித்துக்கொண்டு ஜம்மென்று ஓடியது. அக்காவுக்கு அதைப் பார்த்து அழுகையே வந்துவிட்டது.

"காய்ச்ச புள்ளய டாக்டராண்ட தூக்கினு போனா சிரிச்சிகினு வெளாடுமே, அந்தக் கதை."

முன்பு வந்தபோதெல்லாம் செய்ய வேண்டியதைச் செய்துதான் அனுப்பியிருந்தோம். பாயின்ட்டை எமரி பேப்பரில் தேய்த்து, கண்டென்சரை மாற்றி, பிளக்கின் கரியைச் சுரண்டி, அதன் முனை இடைவெளியைச் சரிசெய்து, கடைசியில் பெட்ரோல் துணியால் பளிச்சென்று துடைத்தோம். இங்கே ஓடும், அங்கே போனால் ஒரு வாரத்துக்குள் படுத்துக்கொள்ளும். எந்த நேரத்தில் படுக்கிறது என்று அன்றைக்குத்தான் கேட்டேன். விடிகாலையில் கல்லு மாதிரி உட்கார்ந்துவிடுகிறது, வெயில் ஏறினால் சில நாள் தானாக எழுந்துகொள்கிறது என்றார்.

காய்ச்சல் வரும் நேரத்தில் பிள்ளையை வீட்டிலேயே போய்ப் பார்த்துவிடுவது என்று தோன்றியது. மெஷினில் கை வைக்காமல் அக்காவோடு அப்படியே திருப்பி அனுப்பிவிட்டு முதலாளியிடம் சொன்னேன். "போய்ட்டு வா. காத்து, பெட்ரோல், நெருப்பு. மூணுல எது கண்ணாமூச்சி ஆடுதுன்னு பாரு" என்றார்.

2. நெருப்பு போன குறுக்கு வழி

மறுநாள் இன்னும் சரியாக வெளுக்காத நேரத்தில் சைக்கிளில் போய் இறங்கினேன். ஷெட்டு என்பது நான்கு கம்பமும் மேலே ஒரு தகரமும்தான். புல்லும் மெஷினும் ஒன்றுபோலப் பனியில் நனைந்திருந்தன. அக்கா இழுத்தார், எழவில்லை. நான் இழுத்தேன், எழவில்லை.

அதற்குள் மேனேஜர் மப்ளரோடு வந்து நின்றார். நிலைமையைப் பார்த்துவிட்டு, "நான்தான் சொன்னேனே, இதுக்கெல்லாம் ஒரு ஆம்பளை கை வேணும்ப்பா" என்றார்.

"நீங்க ஒரு தடவை இழுங்க சார். நான் குனிஞ்சு பார்க்கணும்" என்றேன்.

உண்மையாகவே எனக்குக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் கால மெஷினில் பிளக்குக்கு ரப்பர் மூடி கிடையாது. ஒயர் நுனியில் ஒரு தகரக் கிளிப் மட்டும் இருக்கும், பீங்கான் கழுத்து வெளியே தெரியும். அவர் முழு மூச்சாக இழுத்தார். அரை இருட்டில், கிளிப்பிலிருந்து பீங்கானின் வெளிப்பக்கமாகவே ஒரு நீலக்கோடு பூரான் மாதிரி ஓடி இஞ்சின் உடம்பில் போய் விழுந்தது. 'டிக் டிக்' என்று சத்தமும் கேட்டது. உள்ளே குதிக்க வேண்டிய நெருப்பு வெளியிலேயே குறுக்கு வழியில் போய்க்கொண்டிருந்தது.

அவர் மறுபடி கயிற்றை இழுப்பதற்குள் அது போன வழியைத் தொட்டேன். விரலில் சந்தனமும் குங்குமமும் ஒட்டிக்கொண்டு வந்தன.

மேனேஜர் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார். மப்ளர் தோளிலிருந்து நழுவி விழுந்ததுதான் மிச்சம். போதும் சார் என்று சொல்லிவிட்டு, பீங்கானைப் பெட்ரோல் துணியால் துடைத்துக் காயவைத்தேன்.

"இப்ப நீங்க இழுங்கக்கா."

ஒரே இழுப்பு. மெஷின் போட்ட சத்தத்தில் தகரத்து மேலிருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன.

என்ன கோளாறு என்று மேனேஜர் கேட்டார். பிளக் மேல பனி ஈரம் சார், யார் கையிலும் தப்பில்லை என்றேன். அவர் மப்ளரை எடுத்து உதறிக்கொண்டு, "சரி சரி, அந்த மூலைலேர்ந்து ஆரம்பிம்மா" என்று நடந்தார்.

அவர் போன பிறகுதான் அக்காவிடம் விரலைக் காட்டினேன். ஆயுதபூஜையில் ஆரம்பித்த பழக்கம், வெள்ளிக்கிழமை தவறாமல் பிளக்குக்குப் பொட்டு வைத்துவந்திருக்கிறார். காய்ந்திருக்கும்வரை அது ஒன்றும் செய்யாது. பனி பட்டு ஊறினால் கரண்டுக்கு அதுவே பாதை. பட்டறையில் நாங்கள் முன்பு ஒவ்வொரு முறையும் அதைத் துடைத்துத்தான் அனுப்பியிருக்கிறோம். பம்மலில் பொட்டில்லாத லேத் கிடையாது, அதனால் எங்கள் கண்ணுக்கு அது உறுத்தவேயில்லை.

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். "வெள்ள வெளேர்னு நெத்தி மாதிரி இருந்திச்சேன்னு வச்சேன் தம்பி. சோறு போடற மெஷினாச்சே."

"வைங்கக்கா. டேங்க் மேல வைங்க. இதுக்கு நெத்தி அதுதான்."

3. பட்டறைக்கு வெளியே

அக்காவின் வேலை நிலைத்தது, பிறகு நிரந்தரமும் ஆனது. ஆனால் அதிகம் பெற்றுக்கொண்டவன் நான். அந்தக் காய்ச்சல் பிள்ளைப் பேச்சு அதற்கப்புறம் என் தொழிலையே நடத்தியது. எந்த இஞ்சின் வந்தாலும், எங்கே நிற்கிறது, எப்போது நிற்கிறது, அதற்கு முன்னால் யார் என்ன செய்தார்கள் என்று கேட்ட பிறகுதான் ஸ்பானரை எடுப்பேன். பிளக்கில் நெருப்பு வரவில்லை என்றால் இக்னிஷன் காயிலை மாற்றக் கிளம்பும் தம்பிகளுக்கு நான் சொல்வதும் இதுதான். மெஷின் வாழும் இடத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

பிற்பாடு ராஜகீழ்ப்பாக்கத்தில் சொந்தமாகக் கடை போட்டேன். திறப்பு அன்று அக்கா குங்குமச் சிமிழோடு வந்தார். மேஜையில் வரிசையாக இருந்த இஞ்சின்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றையும் தொடாமல் நேராக என்னிடம் வந்து, என் நெற்றியில் வைத்தார்.

"இங்க வச்சா நெருப்பு ஓடாதில்ல தம்பி?"