அட்டை வைக்கும் அக்கா

பழைய பெட்டியிலிருந்து கிழித்த அட்டை ஒன்றை, முழங்காலிட்டு மோட்டாரின் அடியில் தள்ளுகிறார் அக்கா. மூலையில் தேதி எழுதியாயிற்று. குப்பை பிரிக்கும் இந்தக் கூடத்தில் நான்கு கன்வேயர் பெல்ட்டுகள். நான்குக்கும் நான்கு அட்டை. ஷிப்ட் முடிந்ததும் எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார்.

"ரெண்டாம் நம்பர் இன்னிக்கு ஏழு சொட்டு. சளி பிடிச்சிருக்கு." மறுநாள் அந்த மோட்டாருக்கு எண்ணெய்க் கசிவை அடைக்கும் புது சீல் விழும்.

பதினெட்டு வருடமாக அவர்தான் இங்கே மெக்கானிக். நான்கு பெல்ட்டையும் இழுத்து வந்தது ஹைட்ராலிக் மோட்டார்: ஒரு பம்ப் எண்ணெயை அழுத்தித் தள்ள, அந்த எண்ணெய் மோட்டாரைச் சுழற்றும். பம்பின் முனகலைக் கேட்டே அதற்கு என்ன குறை என்று சொல்லிவிடுவார். மின்சாரம் என்றால் மட்டும் இரண்டடி தள்ளி நிற்பார். வீட்டில் பல்பு மாற்றுவதுகூடக் கணவர்தான். "எண்ணெய் ஒழுகினா கண்ணுக்குத் தெரியும். கரண்ட் என்ன சொல்லிட்டா வருது?"

போன மாதம், நான்கையும் மின்மோட்டாருக்கு மாற்றப் போவதாக மேனேஜர் சொன்னார். சத்தம் குறையும், மின்சாரம் மிச்சமாகும், தரையில் எண்ணெய் இருக்காது. ஒழுகுவதற்குச் சாட்சியாக அக்காவின் அட்டைகளையே கேட்டார். ஒரு வருட அட்டைகளை, ஒன்றைக்கூட ஒளிக்காமல், கயிறு கட்டி மேசையில் வைத்தார் அக்கா.

"மூணை மாத்துங்க சார். லாரி வந்து கொட்டற முதல் பெல்ட்டை மட்டும் விட்டுடுங்க."

"பழகினதை விட உங்களுக்கு மனசு வரலை."

"அப்படின்னா மூணை எதுக்கு விட்டுக் குடுக்கறேன்? மெத்தையும் மரக்கட்டையும் விழற இடம் சார் அது. சிக்கினா எண்ணெய் மோட்டார் பேசாம நிக்கும். பின்பக்கமா சுத்தினா கக்கிடும். கரண்ட் மோட்டார் சூடேறி ட்ரிப் ஆகி அணைஞ்சுடும். ஒவ்வொரு தடவையும் கடப்பாரையோட மேல ஏறப் போறது என் தங்கச்சி. ஒரே ஒரு நாள் போட்டுப் பாருங்க. ஓடிச்சுன்னா நான் வாயே திறக்கலை."

போட்டார்கள். காலை பத்து மணிக்கே நனைந்த மெத்தை ஒன்று சிக்கி மோட்டார் நின்றது. பதினொன்றுக்கு மறுபடி. மூன்றாம் முறை, அந்த பெல்ட்டில் குப்பை பிரிக்கும் தங்கை இறங்கி வந்து கடப்பாரையை மேனேஜரிடம் நீட்டினார். "வாங்க சார், இது உங்க முறை."

இருபது நிமிடம் கழித்து, சட்டை நனைய இறங்கி வந்தார் மேனேஜர். "இன்னும் பெரிய மோட்டாரா போட்டா?"

"போடலாம் சார். அப்ப மோட்டார் நிக்காது, பெல்ட் கிழியும்."

முதல் பெல்ட் தப்பித்தது. மற்ற மூன்றும் இந்தத் திங்கட்கிழமை மின்சாரத்தில் ஓடத் தொடங்கின. அங்கே நிற்பவர்கள் இப்போது கத்தாமலே பேசிக்கொள்கிறார்கள். அன்று மதியம் எலக்ட்ரீஷியனிடம் போனார் அக்கா. "எனக்கும் சொல்லிக் குடுங்க தம்பி. பயமாத்தான் இருக்கு, பரவாயில்லை."

முதல் பாடத்துக்கு அட்டையோடு வந்து அதைப் புது மோட்டாரின் அடியில் தள்ளினார். எலக்ட்ரீஷியன் சிரித்தார். "அக்கா, இது சொட்டாது."

"கியர்பாக்ஸ்ல எண்ணெய் இருக்குல்ல?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். அக்கா அட்டையின் மூலையில் தேதி எழுதினார். எழுந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"சூடு எவ்வளவு வரைக்கும் இருக்கலாம் தம்பி?" என்று கேட்டபடி, ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைத்தார்.