தள்ளுவண்டியை இடித்தவர் யார்

என் முதல் புத்தகம் வெளிவந்து ஒரு வாரம் ஆனது. அதனால் என் வாழ்க்கையில் நடந்த ஒரே மாற்றம், நான் கணக்கு நடத்தும் பள்ளியில் ஆண்டு விழா அறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்ததுதான். எழுத்தாளர் ஒருவர் இருக்கும்போது மற்றவர்கள் எழுதுவது மரியாதை இல்லை என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அண்ணாகிராமத்தில் முந்திரித்தோப்பு வைத்திருக்கும் என் பெரியப்பா, ஒரு முழுப் பலாப்பழத்தை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, தன்னுடைய வரலாற்றை எப்போது ஆரம்பிக்கலாம் என்று போனில் கேட்டார். பழம் நன்றாக இருந்தது. வரலாற்றை ஆரம்பிக்கவில்லை.

நான் எழுதியது கார் ஓட்டக் கற்றுத்தரும் ஒரு பெண்மணியின் வாழ்க்கை வரலாறு. கடலூரில் அவரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். வார நாட்களில் மஞ்சக்குப்பத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளில் சிதம்பரத்திலும் பயிற்சி கொடுப்பார். அறுபதைத் தாண்டியவர், குரல் மட்டும் லாரி ஹாரன். நானும் அவரிடம்தான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். என் முறை வரும்வரை பின்சீட்டில் உட்கார்ந்து கேட்ட கதைகள்தான் புத்தகம் ஆயின. தலைப்பு, ‘கிளட்சை மெதுவா விடுங்க’. அவர் வாயிலிருந்து அதிகமாக வந்த வாக்கியம் அது.

என் கணவர் திருப்பாதிரிப்புலியூரில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். மனைவி புத்தகம் எழுதியதை ஊருக்குச் சொல்ல ஆசைப்பட்டு, கடை வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார். ஃபிளெக்ஸ் அடித்துக் கொடுத்தவருக்குக் கல்யாணம், மஞ்சள் நீராட்டு, இரங்கல் என்று மூன்று வகைதான் பழக்கம். வயதான அம்மாவின் படத்தைத் தனியாகக் கொடுத்ததும் அவர் கை தானாக மூன்றாவதற்குப் போய்விட்டது. நடுவில் டீச்சரின் சிரித்த முகம், இரண்டு பக்கமும் எரியும் குத்துவிளக்கு, கீழே பெரிய எழுத்தில் ‘கிளட்சை மெதுவா விடுங்க’. புத்தகம் என்ற சொல் மூலையில் எறும்பு அளவுக்கு இருந்தது. எதிர்க்கடைக்காரர் வந்து, அம்மா கடைசியாகச் சொன்ன வார்த்தையா என்று என் கணவரிடம் துக்கமாகக் கேட்டிருக்கிறார்.

அந்த ஃபிளெக்ஸை யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். மறுநாள் காலை டீச்சர் வீட்டுக்குப் புத்தகங்கள் கொடுக்கப் போயிருந்தேன். வாசலில் கார் வந்து நின்றது. சிதம்பரம் கீழவீதியில் எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவர், டீச்சரின் பழைய மாணவர், ஆளுயர ரோஜா மாலையோடு இறங்கினார். கதவைத் திறந்தது டீச்சரேதான்.

“மாலை யாருக்குப்பா?” என்றார் டீச்சர்.

அந்த மனிதர் மாலையைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். பிறகு, “ஒங்களுக்குத்தான் டீச்சர். சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார்.

டீச்சர் மாலையை வாங்கித் தன் காரின் பானெட்டில் சாத்திவிட்டு அவருக்குக் காபி போட உள்ளே போனார். இறக்காத ஒருவருக்கு மாலை கொண்டுவந்த வெட்கத்தில் அவர் என்னிடம் ஒரு புத்தகம் வாங்கிப் பிரித்தார். பாதியில் அவர் முகம் மாறியது. அவர் விரல் வைத்திருந்த இடம் எனக்குத் தெரிந்த இடம்தான். சிதம்பரத்தில் பழகிய ஒருவர், கீழவீதியில் ரிவர்ஸ் எடுக்கும்போது கொய்யாப்பழத் தள்ளுவண்டியை இடித்துவிட்டு, டீச்சரைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்கி ஓடிவிட்டார் என்று எழுதியிருந்தேன். டீச்சர் பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அது தான்தான் என்றார் எலக்ட்ரிக் கடைக்காரர். ஆனால் விவரம் தப்பு. அது கொய்யாப்பழம் இல்லை, வெள்ளரிக்காய். கீழவீதி இல்லை, தெற்கு வீதி. முக்கியமாக, தான் ஓடவில்லை, வண்டிக்காரருக்கு சோடா வாங்கப் போனதாகச் சொன்னார். அடுத்த பதிப்பில் திருத்த வேண்டுமாம். காபியோடு வந்த டீச்சரிடம் கேட்டதற்கு, இடித்தவர்கள் ஜாஸ்தி, முகமெல்லாம் ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

இது இதோடு முடிந்திருக்கும். இரண்டு நாள் கழித்து சிதம்பரத்தில் கல்யாண மண்டபம் நடத்தும் இன்னொருவர் எனக்குப் போன் செய்தார். புத்தகத்தைப் படித்தாராம், தள்ளுவண்டியை இடித்தது அவராம். அவருக்குக் கோபமே இல்லை, ஒரே பெருமை. அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து மண்டப ஆபீசில் ஒட்டியிருந்தார். புத்தக அறிமுகக் கூட்டம் ஒன்றைத் தன் மண்டபத்திலேயே இலவசமாக வைத்துத் தருவதாகவும், போண்டாவும் காபியும் தன் செலவு என்றும் சொன்னார்.

செய்தி கீழவீதிக்கு எட்டியது. எலக்ட்ரிக் கடைக்காரரிடமிருந்து நான் வகுப்பில் இருக்கும்போது போன் வந்தது.

“மேடம், நான் ஓடுனது உண்மைதான். நல்லா ஓடுனேன். அப்படியே எழுதிக்குங்க” என்றார்.

வெள்ளரிக்காய் என்னவாயிற்று என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தால் கொய்யாப்பழமாகத்தான் இருக்கும் என்றார். வாழ்க்கை வரலாறு எழுதுவதற்கு முன்னால், உண்மை என்பது தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்று என்று நினைத்திருந்தேன். அது வீட்டுக்கே வந்து, தன்னைத் தானே திருத்திக்கொண்டு போகும் என்று தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டம் நடந்தது. டீச்சரிடம் ஓட்டப் பழகியவர்கள் நிறையப் பேர் புவனகிரியிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். நான் இரவெல்லாம் தயார் செய்த ஏற்புரையில் இரண்டாவது பத்தியைத் தாண்டவில்லை. முன்வரிசையில் இருந்து எலக்ட்ரிக் கடைக்காரர் எழுந்து, இங்கே ஒருவர் தன்னுடைய சம்பவத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார் என்றார். மண்டபத்துக்காரர், அந்தத் தள்ளுவண்டியின் சக்கரம் எந்தப் பக்கம் உருண்டது என்பது வரை தனக்குத் தெரியும் என்றார். சபையில் பாதிப் பேர் ஒரு பக்கம், பாதிப் பேர் இன்னொரு பக்கம். மேடையில் எழுத்தாளர் என்று ஒருத்தி நின்றுகொண்டிருப்பதை என் கணவர் மட்டும்தான் கவனித்தார், அவரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு.

டீச்சர் மைக்கை வாங்கினார்.

“மூஞ்சி எனக்கு ஞாபகம் இல்ல. ரிவர்ஸ் எடுத்தா சொல்லிடுவேன்” என்றார்.

எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். மண்டப வாசலில் டீச்சரின் கார் நின்றது. எலக்ட்ரிக் கடைக்காரர் முதலில் உட்கார்ந்தார். அவருக்கு எதையாவது இடிக்க வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் இத்தனை வருடப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. இரண்டு பைக்குகளுக்கு நடுவில் தண்ணீர் ஊற்றியதுபோல் பின்னால் போய் நின்றார். கூட்டம் கைதட்டியது. அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

அடுத்து மண்டபத்துக்காரர். மூன்று கண்ணாடிகளையும் சரி செய்தார், ஹாரன் அடித்தார், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்து, போண்டா வைத்திருந்த மேசையை இடித்தார். போண்டாக்கள் வாசல் கோலத்தின் மேல் உருண்டு ஓடின. அவர் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்து வெற்றியோடு சிரித்தார்.

“இவரு இல்ல. அந்த ஆளு கண்ணாடிய பாக்கவே பாக்காது. இவரு பாத்துக்கிட்டே இடிக்கிறாரு” என்றார் டீச்சர்.

அப்போதுதான் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு அம்மா முன்னே வந்தார். எலக்ட்ரிக் கடைக்காரரின் மனைவி. நிதானமாக, கைப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு சொன்னார்.

“டீச்சர், நானே சொல்லிடறேன். ரெண்டு வாரமா நான் இடிச்சத இவரு இடிச்சதா வீட்ல சொல்லிக்கிட்டிருக்காரு. கேக்க முடியல.”

வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும் என்று கணவர் சொல்லிவிட்டதால், அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் பஜனை வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டு டீச்சரிடம் கார் ஓட்டப் பழகியிருக்கிறார். கீழவீதியில் கொய்யாப்பழ வண்டியை இடித்த நேரம், எதிரே கணவரின் கடை ஷட்டர் மேலே ஏறும் சத்தம் கேட்டிருக்கிறது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியவர் வீடு போய்த்தான் நின்றிருக்கிறார். அதோடு ஓட்டுவதையும் விட்டுவிட்டார்.

எலக்ட்ரிக் கடைக்காரர் மனைவி பக்கம் திரும்பினார். அவர் கேட்டது காரைப் பற்றி இல்லை.

“அதான் அத்தன மாசம் போயும் ஒரு பாட்டுகூட வரலையா?”

சிரித்ததில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் எழுதிய பக்கத்தை எடுத்து மறுபடி படித்தேன். ‘ஒருவர்’, ‘ஓடிவிட்டார்’. ஆண் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து அவருக்கு வேட்டி கட்டிவிட்டோம்.

திரும்பி வரும் வழியில் டீச்சரிடம், முதலிலேயே தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். வீட்டில் தெரிந்தால் பிரச்சினை, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அந்தப் பெண் அன்றைக்கே போன் செய்து கேட்டுக்கொண்டாராம். அப்படியானால் இந்த ரிவர்ஸ் பரீட்சை எதற்கு என்றேன். இரண்டு பேரும் பழகி வருஷம் ஆயிற்றே, எப்படி ஓட்டுகிறார்கள் என்று பார்க்க ஆசையாக இருந்தது என்றார். பார்த்துவிட்டு மண்டபத்துக்காரரை மட்டும் மறுபடி வகுப்புக்கு வரச் சொல்லியிருந்தார்.

கொண்டுபோன புத்தகங்கள் அன்றைக்கே தீர்ந்துவிட்டன. வாங்கியவர்களில் பலர் அந்த ஒரு பக்கத்தில்தான் என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். சிலர் எனக்கு மேலே அந்த அம்மாவின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார்கள். அவர் கையெழுத்து என்னுடையதைவிடப் பெரியது.

அந்த அம்மா இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி ஓட்டப் பழகுகிறார், இந்த முறை வீட்டில் சொல்லிவிட்டு. போன வாரம் டீச்சர் முன்சீட்டில் இருக்க, நானும் பின்சீட்டில் போனேன். கீழவீதியில் கார் ஊர்ந்தது. காருக்கு முன்னால் எலக்ட்ரிக் கடைக்காரர் நடந்துபோய், பூ வண்டி, பழ வண்டி, பானிபூரி வண்டி ஒவ்வொன்றையும் ஓரமாகத் தள்ளச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.