நாற்பதுக்கு இறங்கிய நாள்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஆடி மாதக் காலையில், ஆரல்வாய்மொழி பக்கம் நான்குவழிச் சாலையில் நடந்தது இது.

நான் பதினோரு வருடம் வளைகுடாவில் டிரைவராக இருந்தவன். முதலாளி வீட்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உண்டு. தரையோடு ஒட்டிக்கொண்டு போகும் வண்டி. சர்வீசுக்கு எடுத்துப்போகும்போது நூற்று நாற்பதில் ஓட்டுவேன். கையில் சின்ன அதிர்வுகூட இருக்காது. ஊருக்குத் திரும்பிய பிறகு, எண்பதில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

என் மனைவியின் தம்பி கடியப்பட்டணத்தில் மீன்பிடிக்கிறவன். தூத்துக்குடிப் பக்கம் ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கியிருந்தான். அதை இரண்டு சக்கர டிரெய்லரில் ஏற்றி என் ஜீப்பின் பின்னால் மாட்டினோம். என்ஜினையும் வலைகளையும் படகின் பின்பக்கமே போட்டோம். தூக்கி வைக்க அதுதான் எளிதாக இருந்தது. அவன் பைக்கில் பின்னால் வருவதாக ஏற்பாடு.

“அத்தான், பைய போங்க. காத்து கூடுதலா கெடக்கு” என்றான்.

“மக்கா, எனக்கே வண்டி ஓட்டச் சொல்லித் தாறியா?” என்றேன்.

காவல்கிணறு வரை அறுபதில்தான் போனேன். அப்புறம் ரோடு காலியாகக் கிடந்தது, கால் தானாக அழுத்தியது. எண்பதைத் தொட்டிருப்பேன். காற்றாலைகளுக்கு நடுவே சாலை லேசாக இறங்கும் இடத்தில், பக்கவாட்டில் ஒரு காற்று படகை அறைந்தது. ஜீப்பின் பின்பக்கத்தை யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. கண்ணாடியில் பார்த்தால், படகு இடதும் வலதுமாக ஆடுகிறது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிது. என்னிடம் ஏதோ சொல்வதற்காக, மச்சினன் பைக்கில் வலதுபக்கம் ஏறிப் படகை நெருங்கி வந்துகொண்டிருந்தான்.

பிரேக்கை மிதித்தேன். அதுதான் தப்பாகப் போயிற்று. ஜீப் அடங்கியது, படகு அடங்கவில்லை. என்னைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே பக்கத்துத் தடத்தில் பாதிவரை வீசியது. கண்ணாடியில் அவனைக் காணவில்லை.

அடுத்து நான் செய்ததைச் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பயத்தில் கால்கள் இரண்டும் பெடல்களிலிருந்து தாமாகத் தூக்கிக்கொண்டன. ஸ்டீயரிங்கை மட்டும் நேராகப் பிடித்திருந்தேன். வேகம் குறையக் குறைய ஆட்டமும் குறைந்தது. ஓரமாக நிறுத்தி இறங்கினேன்.

திரும்பிப் பார்த்தேன். தூரத்தில், நடுத்தடுப்பை ஒட்டி பைக்கில் உட்கார்ந்திருந்தான். விழவில்லை. ஒரு கீறல் இல்லை. அவனுக்குப் பின்னால் ஒரு லாரி, விளக்குகள் மினுங்க, சாலையை மறித்து நின்றது. படகு ஆடத் தொடங்கியதுமே அதன் டிரைவர் மற்ற வண்டிகள் முந்தாதபடி மறித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

அவர் இறங்கி வந்தார். என் வயதுதான் இருக்கும். நல்லா வாங்கிக்கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று தலைகுனிந்து நின்றேன். அவரோ படகை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

“பாரம் பூராவும் பின்னால கெடக்கே, அண்ணே. பெறகு ஆடாம என்ன செய்யும்? வாங்க, மாத்தி வச்சிரலாம்.”

மச்சினனும் வந்து சேர, மூன்று பேருமாக என்ஜினையும் வலைகளையும் முன்பக்கம் நகர்த்திக் கட்டினோம். புறப்படும்போது, “நாப்பதுல போங்க. பின்னால வாறதுக்கு பிரேக்கு கெடையாதுல்லா” என்றார். பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

“ஏலே, பயந்துட்டியா?” என்று மச்சினனிடம் கேட்டேன்.

“படகு ஆடுதுன்னு சொல்லத்தான் அத்தான் முன்னால வந்தேன்” என்றான். சிரிக்கத்தான் பார்த்தான், வரவில்லை.

கடியப்பட்டணம் வரை நாற்பதைத் தாண்டவில்லை. ஆட்டோக்கள்கூட ஹாரன் அடித்து முந்திப் போயின; ஒன்றும் உறைக்கவில்லை.

இப்போதும் அவன் அந்தப் படகில்தான் கடலுக்குப் போகிறான். மீனோடு எங்கள் வாசலில் வந்து நின்று அவன் தன் அக்காளைக் கூப்பிடும்போதெல்லாம், அன்று இவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவளிடம் நான் என்ன சொல்லியிருப்பேன் என்ற நினைப்பு ஒரு கணம் வந்து, அவன் குரல் கேட்கக் கேட்க மெல்ல விலகிப்போகிறது.