ரெண்டு தலையணைக்கு நடுவுல

எங்க அக்காவுக்கு அவ வேலை பாக்கிற மின்விசிறி கம்பெனியில டெசிபல் அக்கான்னு பேரு. ஒவ்வொரு விசிறியும் எவ்வளவு சத்தம் போடுதுன்னு அளக்கிறது அவதான். மூடின அறைக்குள்ள மைக்கும் கம்ப்யூட்டருமா நாள் பூரா உக்காந்திருப்பா. அவ வாயைப் பிடுங்கி ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள நமக்குப் போதும் போதும்னு ஆயிடும். அவளுக்கும் சேர்த்து வாயடிக்கத்தான் மாமா இருந்தார். அவர் தவறி ஒரு வருஷமாகுது. இப்ப அந்த வீட்டுல பேச்சுச் சத்தமே கிடையாது.

இந்த நேரம் பாத்து, படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு டிரான்ஸ்ஃபார்மரைக் கொண்டாந்து வச்சாங்க. ஒரே சீரா ங்ங்ங்னு ஒரு ரீங்காரம். அக்காவுக்குத் தூக்கம் போச்சு, கண்ணெல்லாம் உள்ள போச்சு. வீட்டை வித்துட்டு என்னோட வந்து இருன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். காதுலயே போட்டுக்கலை. கடைசியில, இந்தச் சத்தத்தை அடக்க முடியலைன்னா வர்றேன்னு வாக்குக் கொடுத்தா. எங்க அடக்கப் போறான்னு நான் என் வீட்டுல ஒரு அறையைக் காலி பண்ணி பெயின்ட்கூட அடிச்சு வச்சேன்.

அவ விடுவாளா? கட்டிலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பீக்கரை வச்சா. டிரான்ஸ்ஃபார்மர் போடுற அதே சத்தத்தை அதுவும் போடணும். ஆனா அந்த அலை ஏறும்போது இது இறங்கணும். அப்ப ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுடுமாம். அந்த அலையிலேர்ந்து இது எவ்வளவு கோணம் தள்ளி ஆரம்பிக்கணும்கிறதுதான் கேள்வி. மைக்ல அளந்ததை சைன், காஸ்னு சமன்பாடா எழுதி, கம்பெனியில பழகின கணக்கு மென்பொருள்கிட்ட கொடுத்தா. அது ரெண்டு விடை சொல்லுச்சு. காஸ்னாலே அப்படித்தானாம், ஒரே மதிப்புக்கு ரெண்டு கோணம் வந்து நிக்குமாம். முதல் கோணத்தைப் போட்டதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சாம். ரெண்டாவதைப் போட்டதும் கம்ப்யூட்டர் திரையில சத்தத்தைக் காட்டுற கோடு அப்படியே படுத்துடுச்சாம்.

இதெல்லாம் நான் அப்புறம் நோண்டி நோண்டிக் கேட்டது; அன்னிக்கு ஃபோன்ல அவ சொன்னது ஒரே வார்த்தை, அடங்கிடுச்சுன்னு. நம்பாம ஞாயித்துக்கிழமை மத்தியானம் நேர்லயே போயிட்டேன்.

அக்கா எப்பவும் படுக்கிற சுவர்ப் பக்கம் படுத்துப் பாத்தேன். ரீங்காரம் முழுசா இருந்துச்சு. மாமா பக்கம் உருண்டேன். அங்கயும் அதே கதைதான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, நீ அடக்கின லட்சணம் இதுதானான்னு கேட்டுக்கிட்டே திரும்ப இந்தப் பக்கம் உருண்டேன். நடுவுல, ரெண்டு தலையணையும் முட்டிக்கிற இடத்துல, பொட்டுச் சத்தம் இல்லை. ஒரு தலை கொள்ற அளவுக்குத்தான் அந்த அமைதி. மைக் எங்க இருந்துச்சோ அங்க மட்டும்தான் அலைங்க அடங்குமாம். இவ மைக்கை நடுவுல வச்சிருக்கா.

எனக்குக் கோவம் வந்துடுச்சு. நடுவுல யார் படுக்கிறா, மைக்கை உன் தலையணையில வச்சு மறுபடியும் கணக்குப் போட வேண்டியதுதானேன்னு சத்தம் போட்டேன். அதையும் போட்டுப் பாத்தாச்சுன்னு சொன்னா. அந்தக் கோணமும் கிடைச்சுதாம்.

"அப்புறம் என்னக்கா?"

"என் பக்கம் அடக்கினா, அவர் பக்கம் ரெண்டு மடங்கா கேக்குது."

எனக்கு அழுகைதான் வந்துச்சு. அவ ஒண்ணும் நடக்காத மாதிரி மாமாவோட தலையணையைத் தட்டி நேரா வச்சா.

இன்னும் அந்த ரீங்காரத்தோட சுவர்ப் பக்கம்தான் படுக்கிறா. நான் வீட்டுக்கு வந்ததும், பெயின்ட் அடிச்ச அறையில பழைய சாமானையெல்லாம் திரும்பத் தூக்கி வச்சேன்.