ஐந்து விரல் மாரண்டஹள்ளி

இடது கையின் ஐந்து விரல்களும் ஜன்னல் கம்பியில் ஒவ்வொன்றாக விழுகின்றன. மா, ரண், ட, ஹள், ளி. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. மறுபடி கட்டைவிரலிலிருந்து. பாலக்கோட்டில் பஸ் கிளம்பியதிலிருந்து இதேதான். ஓசூர் போகும் தனியார் பஸ்ஸின் கண்டக்டர் நவநீதனுக்கு முப்பத்தெட்டு வயது, திக்குவாய்.

பதினைந்து வருடமாக அவருக்காகப் பேசியது விசில்தான். டிக்கெட் கேட்கப் புருவத்தைத் தூக்குவார். படியில் தொங்குகிறவர்களை ஒரு முறை முறைப்பார், உள்ளே போய்விடுவார்கள். ஊர்ப் பெயரைக் கூவும் வேலை மட்டும் டிரைவர் ரஞ்சித்குமாருடையது, அவருக்கு நினைவிருந்தால்.

ஒரு நாள் அவருக்கு அது நினைவில்லை. பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லாத கூட்டம். முன் சீட்டில் லூர்துமேரி அம்மாள். பார்வை மங்கிப்போனவர், ஊர்ப் பெயரைக் காதால் கேட்டுத்தான் இறங்குவார். மாரண்டஹள்ளி வந்தும் அவர் எழவில்லை. பின்படியில் மாட்டிக்கொண்ட நவநீதன் கூப்பிடப் பார்த்தார். முதல் எழுத்திலேயே உதடு ஒட்டிக்கொண்டது. பதறிப்போய் விசிலை ஊதினார். கிளம்பச் சொல்கிறார் என்று நினைத்து டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். நான்கு கிலோமீட்டர் தள்ளி இறங்கிய அந்த அம்மாள், "ஒரு வார்த்த சொல்லியிருந்தா எறங்கியிருப்பனே தம்பி" என்றார். அதற்குத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதன்பின் அவர் இவரை நம்புவதில்லை. வழியெல்லாம் பக்கத்து சீட்டைக் கேட்டுக்கொண்டே வருவார்.

அடுத்த வாரமே நவநீதன் தருமபுரியில் பேச்சுப் பயிற்சி தரும் ஐஸ்வர்யாவிடம் போய் நின்றார். பயந்தாங்கொள்ளி என்ற பட்டத்தை எதிர்பார்த்துப் போனவருக்கு அவர் சொன்னது புதிதாக இருந்தது. மற்றவர்கள் வாய் பத்துத் தடவையில் பிடித்துக்கொள்வதை இவர் வாய் பிடிக்க இன்னும் பல தடவை ஆகலாம். மெதுவாக, தினமும், மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் அர்த்தமே இல்லாத சொற்கள்: தெபகோமிசு, கிமொபதூ. பஸ்ஸில் நவநீதன் முணுமுணுப்பதைக் கேட்டுத் தமிழ் பேசுகிறவர்கள் கன்னடம் என்றார்கள். கன்னடம் பேசுகிறவர்கள் தெலுங்கு என்றார்கள். தினமும் அதே பஸ்ஸில் போகிற எனக்கு, அவர் இதைச் சொன்னபோது சிரிப்புத் தாங்கவில்லை. அவரும் சிரித்தார். "ப்... பயம்லாம் இல்லீங்க சார். வாய்க்குப் பழக்கம் பத்தல. ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்கற மாதிரிதாங்க."

ஏழு மாதம் ஓடிவிட்டது. இன்று காலை லூர்துமேரி ஏறியதுமே, மாரண்டஹள்ளியை இன்றைக்கு நான் கூவுகிறேன் என்று நவநீதன் டிரைவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நான் வெறும் பயணி. என்றாலும் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். மாரண்டஹள்ளி காய்கறி மண்டி தெரிந்தது. பஸ் நின்றது. நவநீதன் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"ம்..." உதடு ஒட்டியது. முட்டித் தள்ளவில்லை, விட்டுவிட்டார். மூச்சை மெல்ல வெளியேற்றி, மறுபடி லேசாகத் தொட்டார்.

"மா...ரண்டஹள்ளி. மாரண்டஹள்ளி எறங்கறவங்க வாங்க."

இரண்டாவது தடவை பஸ் முழுக்கக் கேட்டது. லூர்துமேரி யாரையும் கேட்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "தம்பி சொல்லிட்டாரு, வழி வுடுங்க." எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. தட்டியேவிட்டேன்.

அவர் இறங்கிய பிறகும் பஸ் நகரவில்லை. விசில் வரட்டும் என்று டிரைவர் காத்திருந்தார். நவநீதனுக்கு விசில் ஞாபகமே இல்லை. அடுத்து ராயக்கோட்டை: ரா, யக், கோட், டை. கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு, மிச்சமிருந்த நான்கு விரல்களால் கம்பியைத் தட்ட ஆரம்பித்திருந்தார்.